கட்டி வைத்த மிதவை

குட்டித்தீவில் யாரும் தாகத்தால் சாகக் கூடாது. யாருக்கும் தாகம் முழுதாகத் தீர்ந்துவிடவும் கூடாது. ஜெனோவாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை இவ்வளவுதான்.

குட்டித்தீவு ஒரு விளையாட்டு. பிரவுசரைத் திறந்தால் போதும், நீலக் கடல் வரும், நடுவில் கைக்குட்டை அளவு மணல் வரும், சில குடிசைகளும் சில பொம்மை மனிதர்களும் வருவார்கள். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், மழைநீர் சேர்க்கலாம். மரத்தோடு கயிறு சேர்ந்தால் படகு. களிமண்ணோடு விறகு சேர்ந்தால் பானை. அலுவலகத்தில் மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் திறந்து வைத்துக்கொள்ள ஏற்ற சாமான். எது எவ்வளவு இருந்தால் எது செய்யலாம், எது எப்போது குறையும், எப்போது கிடைக்கும் என்ற கணக்கு முழுவதையும் தூத்துக்குடியில் தன் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதியவள் ஜெனோவா. கணவன் ததேயுவுக்குக் கப்பலில் வேலை. ஆண்டில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பான். மகள் ஆக்னஸ் அப்போது தொட்டிலில் இருந்தாள்.

"வயிறு ரொம்பினவன் ஆட்டத்தை மூடிட்டுப் போயிடுவான்" என்பான் பிரசன்னா. சென்னையில் இருந்த கம்பெனி அவனுடையது. "செத்துட்டவனும் போயிடுவான். நமக்கு வேண்டியது நடுவுல நின்னு தவிக்கிறவன்."

அவள் அதை அப்படியே எழுதினாள். நன்றாகவே எழுதினாள். பானையில் தண்ணீர் ஏறினால் மழை குறையும். ஒரு குடிசை காலியானால், எந்தக் குடிசை அதிகம் நிறைந்திருக்கிறதோ அதன் பங்கிலிருந்து எடுத்து இதற்கு வரும். ஏமாற்றுகிறவனுக்கு மறுநாள் மழையே கிடையாது. ஒரு பொம்மைக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோடு சிவப்பைத் தொட்டால் மட்டும், போனால் போகிறதென்று, கடலில் ஒரு பானை மிதந்து வந்து கரை ஒதுங்கும். பானை வரும்போது ஒரு சத்தம் கேட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. சமையலறைக்குப் போய்ப் பித்தளைத் தம்ளரை ஸ்பூனால் மூன்று தட்டுத் தட்டிப் போனில் பதிந்து சேர்த்தாள். டிங், டிங், டிங். அந்தச் சத்தத்துக்காக ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் உயிரை விட்டார்கள்.

ஒரே ஓர் ஓட்டையை மட்டும் அவளால் அடைக்க முடியவில்லை. சில கில்லாடிகள் தங்கள் கட்டைகளையும் பானைகளையும் தாங்களே கடலில் தள்ளிவிட்டு ஒன்றுமில்லாதவர்கள் மாதிரி நின்றார்கள். பாவம் என்று நம்பி விளையாட்டு அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. பொய் சொல்கிறவனைப் பிடிக்கலாம். உண்மையாகவே தூக்கிப் போட்டவனை என்ன சொல்லிப் பிடிப்பது? விட்டுவிட்டாள். பிறகு அந்தக் கம்பெனியையும் விட்டுவிட்டாள், வேறு வேலை பார்த்தாள், குட்டித்தீவை மறந்தும் போனாள்.

ஆக்னஸ் வளர்ந்து, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வயது வந்தது. இதற்கிடையில் கடலும் வளர்ந்திருந்தது. ஜெனோவாவின் தம்பி கஸ்பார் குடியிருந்த தெருவைக் கடல் எடுத்துக்கொண்டது. தெருக்காரர்கள் எல்லோரையும் உப்பளங்களுக்கு அப்பால், மேட்டுக் குடியிருப்பு என்று பெயர் வைத்த இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பெயரில்தான் மேடு. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். வெயிலும் பழைய வெயில் இல்லை, மத்தியானத்தில் நாய்கூடத் தெருவைக் கடக்க யோசித்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று குடியிருப்பின் அருகே வந்தது. அது வந்ததும் தண்ணீர் லாரிகள் நின்றன. யாருக்கு எவ்வளவு என்று மனிதர்கள் முடிவு செய்தால் அடிதடி வருகிறது, இனி மெஷின் முடிவு செய்யும் என்றார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டினார்கள். நாடியையும் உடம்புச் சூட்டையும் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் பட்டை. இந்தக் கோடையில் அதே பட்டை தூத்துக்குடி டவுனுக்கும் வந்தது, தெருமுனைகளில் அதே தண்ணீர் பூத்தும் வந்தது. ஜெனோவாவின் தெருவில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. எதிர்வீட்டுப் பொன்ராஜ் சார், தெரு நலச் சங்கத்துச் செயலாளர், காரைக் கழுவிவிட்டு மிச்சத் தண்ணீரில் காம்பவுண்டுச் சுவரையும் கழுவினார்.

புதுநன்மைக்கு அழைக்கத் தம்பிக்குப் போன் செய்தாள். தாய்மாமன் வந்து நிற்காமல் பிள்ளைக்கு என்ன புதுநன்மை?

"வர முடியாதுக்கா" என்றான் கஸ்பார். "அன்னைக்கு எனக்கு முறை."

"என்ன முறை?"

"தண்ணி முறைதான்க்கா."

"பெனிட்டாவைப் புடிக்கச் சொல்லிட்டு வால. குடம் தூக்க நீதான் வேணுமாக்கும்?"

பெண்டாட்டி பேரைச் சொன்னதும் கஸ்பார் குரலை இறக்கினான். "போன சுத்துல அவ முடிச்சிட்டா. மாத்தக் கூடாதுக்கா. சண்டையாயிரும்."

ஜெனோவாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடத்துக்குக் கொடுக்கிற மரியாதையை அக்காவுக்குக் கொடுக்கவில்லையே என்று போனை வைத்தாள். ஆனால் கோபமெல்லாம் எத்தனை நாளைக்கு? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் ஆக்னஸை வெள்ளைக் கவுனோடு பொன்ராஜ் சார் வீட்டில் விட்டுவிட்டு, பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். அவன் வராவிட்டால் என்ன, சோறு அவனிடம் போகட்டும்.

உப்பளங்கள் கண்ணைக் குத்தின. ஆட்டோக்காரர் குடியிருப்பின் வாசலிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

முதல் பிளாக்கின் முன்னால் தார்ப்பாய் கட்டிய நிழல் இருந்தது. அதன் அடியில் பிளாக்கின் ஆட்கள் எல்லோரும் காலிக் குடங்களோடு நின்றார்கள். நிழலுக்கு வெளியே, கொதிக்கிற சிமென்ட் தரையின் நடுவில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் கஸ்பார். தலை முதல் கால் வரை, படகில் போகும்போது போடுகிற தடித்த மழைக்கோட்டு.

பிரியாணிச் சட்டி கையை விட்டுப் போனது தெரியாமல் ஜெனோவா ஓடினாள். பெனிட்டா நிழலிலிருந்து வந்து அவளைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

"மைனி, நில்லுங்க. நடுவுல எழுப்பக் கூடாது."

"என்னட்டி பண்ணுதீய அவனை?"

"பட்டை செவந்தாத்தான் ஷட்டர் தெறக்கும். ஒரு ஆளு செவந்தா பிளாக்கு முழுசுக்கும் தண்ணி. இல்லைன்னா குழாயில சொட்டுதான்." ரேஷன் கடையில் இன்று என்ன போடுகிறார்கள் என்று சொல்கிற குரலில் சொன்னாள் பெனிட்டா. அதுதான் ஜெனோவாவை அதிகம் பயமுறுத்தியது. "மொதல்ல வயசானவங்கதான் தானா விழுந்தாவ. அவங்க விழுந்த அன்னைக்கெல்லாம் தண்ணி வந்துது. அப்பந்தான் எங்களுக்குப் புரிஞ்சுது. வயசானவங்க எத்தனை தடவை தாங்குவாவ? அதான் வீட்டுக்கு ஒரு தெடமான ஆளுன்னு முறை வச்சிருக்கு. பிள்ளையளுக்கு முறை கெடையாது."

"பட்டையைக் கழட்டி அடுப்புல காட்ட வேண்டியதுதான?"

"காட்டியாச்சு மைனி. ஆட்டுக்குட்டிக்குக் கட்டியும் பாத்தாச்சு. பொய்யின்னு கண்டுபுடிச்சா மெஷினு இறுக்க மூடிக்கிடும். மறுநாளும் தெறக்காது."

ஏமாற்றுகிறவனுக்கு மறுநாள் மழை கிடையாது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று ஜெனோவாவுக்குத் தோன்றியது. அது முழுதாகத் தோன்றி முடிவதற்குள், தூரத்தில் இரண்டாவது பிளாக்கின் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. அங்கே நாற்காலியில் இருந்த பெண்ணை நாலு பேர் நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த பிளாக்கின் தண்ணீர் பூத்தில் ஷட்டர் மேலே ஏறியது. ஏறும்போது ஒரு சத்தம் கேட்டது.

டிங், டிங், டிங்.

அது அவள் வீட்டுப் பித்தளைத் தம்ளர். ஸ்பூன் மூன்றாவது தட்டில் கொஞ்சம் வழுக்கியதுகூட அப்படியே கேட்டது. ஜெனோவா சிமென்ட் திண்டைப் பிடித்துக்கொண்டாள், அது சுட்டதும் விட்டாள். பிறகு பிரசன்னாவுக்குப் போன் செய்தாள்.

"குட்டித்தீவுக் கணக்கை யாருக்குக் குடுத்த?"

"ஜெனோவாவா? எத்தனை வருஷமாச்சு. அது பங்கீட்டு எஞ்சின்னு பேர் மாத்தி எப்பவோ தண்ணி நிலையங்களுக்குப் போயிடுச்சே" என்றான் பிரசன்னா. ஏ.சி. அறைக் குரல். "இத்தனை பேர் விளையாடிப் பரிசோதிச்ச கணக்கு வேற எங்க கிடைக்கும்? மரம், மீனுன்னு இருந்த இடத்துல தண்ணி, ஐஸ், மருந்துன்னு போட்டாங்க. பொம்மையோட உயிர்க்கோட்டுக்குப் பதிலா கைப்பட்டை. அவ்வளவுதான், ஒரு வரி மாத்தலை. நீ எழுதினது அவ்வளவு சுத்தமா இருந்தது."

"இங்க ஆளுகளை வெயில்ல உக்கார வச்சிருக்காங்க பிரசன்னா. செவக்கணும்னு மழைக்கோட்டு போட்டு உக்கார வச்சிருக்காங்க."

"அது பயன்படுத்துறவங்க பழக்கம், நாம என்ன செய்ய முடியும்? ரிப்போர்ட்டைப் பாரு. அந்தக் குடியிருப்புல தாகத்தால ஒரு சாவுகூடக் கிடையாது. தண்ணி வீணாகுறதும் கிடையாது. அதைப் பாத்துத்தான் டவுனுக்கும் எடுத்திருக்காங்க. புதுசா சேந்தவங்களுக்குக் கொஞ்ச நாள் அள்ளிக் கொடுக்கும், ஞாபகம் இருக்குல்ல? அதுவும் நீ எழுதினதுதான்."

"பொம்மைக்கு எழுதினேன்."

"கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாதும்மா. மாத்தணும்னா ஒரு கோரிக்கை அனுப்பு. கமிட்டி கமிட்டியா போகணும், மழைக்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம். ஜெனோவா போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பட்டை மஞ்சளிலேயே நின்றது.

"இவ்வளவு நேரம் ஆவாதே" என்றார் குடத்தோடு நின்ற ஒருவர். "கஸ்பாருக்கு நல்ல தாங்குத உடம்பு."

நிலையத்து ஆபரேட்டர் இசக்கியப்பன் முதல் பிளாக்குப் பூத்தின் பின்னால் இருந்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். முறை நடக்கும்போது வெளியே வந்து நிற்க அவனுக்குக் கூச்சம், உள்ளே இருக்கவும் முடியாது. ஜெனோவா அவனிடம் போனாள்.

"எதை வச்சுச் செவப்பு காட்டும்?"

"நாடியும் ஏறணும், சூடும் ஏறணும்க்கா. ரெண்டும் சேந்தாத்தான் செவப்பு. ஒண்ணு மட்டும்னா மஞ்சள்லயே நிக்கும்."

ஜெனோவா பெனிட்டாவின் பக்கம் திரும்பினாள். "அவன் காலையில மாத்திரை போட்டானா? படபடப்புக்கு?"

"அதை விட மாட்டாவளே. நீங்க போடுதீயள்லா, அதே மாத்திரைதான்."

அவர்கள் குடும்பத்துக்கே உள்ள படபடப்பு. அப்பாவுக்கு இருந்தது, ஜெனோவாவுக்கு இருக்கிறது, தம்பிக்கும் வந்துவிட்டது. அந்த மாத்திரை போட்டால் மாடிப்படி ஏறி இறங்கினாலும் நாடி வேகம் எடுக்காது. அதற்குத்தான் அந்த மாத்திரை. கஸ்பாரின் உடம்பு உள்ளே வெந்துகொண்டிருக்கும், நாடி ஏறாது, பட்டை மஞ்சளாகவே இருக்கும். பட்டை சிவக்கிற நேரத்தில் அவன் இருக்க மாட்டான்.

அவள் இதைச் சொன்னாள். கத்தியே சொன்னாள். நிழலில் நின்றவர்கள் கேட்டார்கள், வந்து நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, தள்ளவில்லை, நாற்காலிக்கு வழியும் விடவில்லை.

"நீங்க சொல்லுதது சரியா இருக்கலாம் தங்கச்சி" என்றார் அந்தக் குடக்காரர். "ஆனா இப்ப எழுந்தா இம்புட்டு நேரம் இருந்தது வீணாப் போவும். வேற ஆளு உக்காந்து செவக்கதுக்குள்ள வெயிலு எறங்கிரும். பிள்ளையளைப் பாருங்க."

தார்ப்பாயின் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். உதடு வெடித்து, நாக்கை நீட்டி நீட்டி உதட்டைத் தடவிக்கொண்டு. ஜெனோவா அவர்களைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். ஆட்களுக்கு நடுவில் கையை நுழைத்துத் தம்பியின் தோளைத் தொட்டாள். மழைக்கோட்டு அடுப்பு மாதிரி சுட்டது.

கஸ்பார் கண்ணைப் பாதி திறந்தான். "போக்கா. வந்துரும்" என்றான். நாக்கு குழறியது.

அவளுக்கு அழுகை வரவில்லை, அந்த அளவுக்குப் பயம். பயத்தில்தான் அந்தக் கில்லாடிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். கட்டையைக் கடலில் தள்ளிவிட்டு ஒன்றுமில்லாமல் நின்றவர்கள். அவள் அடைக்காமல் விட்ட ஓட்டை.

"இந்த பிளாக்குல தண்ணி இருக்கா இல்லையான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று இசக்கியப்பனைக் கேட்டாள்.

"தொட்டியில மெதவை கெடக்குக்கா. மெதவை தரையைவிட்டு ஒசந்தா தண்ணி இருக்குன்னு அர்த்தம்."

"காட்டுங்க."

அறைக்குப் பின்னால் பாதி புதைந்த சிமென்ட் தொட்டி. இசக்கியப்பன் பூட்டைத் திறந்து மூடியைத் தள்ளினான். அடியில் ஒரு சாண் தண்ணீர் கிடந்தது. குழாய்க்குப் போகும் வாய் அதற்கு மேலே இருந்தது, கசடு போகக் கூடாது என்று எந்தத் தொட்டியிலும் அப்படித்தான் வைப்பார்கள். யாருக்கும் கிடைக்காத அந்த ஒரு சாண் தண்ணீரின் மேல், பந்து மாதிரி ஒரு மிதவை சொகுசாக மிதந்துகொண்டிருந்தது.

"இதைப் பாத்துத்தான் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு" என்றாள் ஜெனோவா. "மிதவையைத் தரையோட கட்டுங்க. ஒண்ணுமே இல்லைன்னு நம்பட்டும். ஊத்தும். எவ்வளவு ஊத்தினாலும் மிதவை ஏறாது, அதனால ஊத்திக்கிட்டே இருக்கும்."

"பொய்யின்னு கண்டுபுடிச்சிராதா?"

"மிதவைக்கு நாடி கெடையாது. கண்டுபுடிக்கத் தெரியாது."

இசக்கியப்பன் தொட்டி மூடியைப் பிடித்தபடி நின்றான். "என் வேலை போறதை விடுங்க. இந்த நெலையத்துத் தண்ணிதான் டவுனுக்கும் போவுது. இங்க ஊத்துதது எங்கேயிருந்தோ எடுத்துத்தானக்கா வரணும்?"

"வரட்டும்" என்றாள். அந்த நிமிடத்தில் உலகத்தில் யார் வீட்டுக் குடம் காலியானாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு தம்பி.

இசக்கியப்பன் நாற்காலியின் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு வாளிக் கயிற்றை அறுத்தான், உடைந்த தரைக்கல் ஒன்றை எடுத்தான், தொட்டிக்குள் இறங்கினான். மிதவை கல்லோடு கீழே போய் அடியில் படிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பெரிய குழாய் ஒரு தடவை இருமியது. தண்ணீர் வந்தது.

தம்ளர்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக் குழாய்களிலெல்லாம் சும்மா, சாதாரணமாக, தண்ணீர் வந்தது. நிழலில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெனிட்டாதான் முதலில் நாற்காலிக்கு ஓடினாள். மழைக்கோட்டைக் கிழித்து எறிந்து தம்பியை நிழலில் கிடத்தி, வாளி வாளியாக ஊற்றினார்கள். குடக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். கஸ்பார் கண் விழித்து, "பிரியாணி கொண்டாந்தியாமே" என்றான். அப்போதுதான் ஜெனோவா அழுதாள்.

ஓட்டையைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. பிரசன்னாவுக்கு மட்டும் கோரிக்கை அனுப்பினாள். கிடைத்தது, நன்றி என்று தானாகவே ஒரு பதில் வந்தது.

அதன் பிறகு வந்த வாரங்களில் டவுனில் தண்ணீர் குறைந்தது. பொன்ராஜ் சார் முதலில் காம்பவுண்டுச் சுவரைக் கழுவுவதை நிறுத்தினார், அப்புறம் காரை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் நாட்கள் முடிந்திருக்கும் என்று ஜெனோவா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. காலியான குடிசைக்கு நிறைந்த குடிசையின் பங்கு போகும் என்று எழுதிய அவளுக்கு, அந்த வரி ஞாபகத்துக்கு வராமலா இருந்திருக்கும்? வந்தபோதெல்லாம் வேறு வேலையைப் பார்த்தாள். குழாய் நூல் மாதிரி ஒழுகியது. அப்புறம் சொட்டியது. பூத்தின் ஷட்டர் இறங்கியது. ஆக்னஸ் ராத்திரிக் குடிக்கிற தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, மீதியை மூடி வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், ஆக்னஸ் வெளியே விளையாடப் போயிருந்தபோது, தெருவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டிங், டிங், டிங்.

ஜெனோவா செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். யார் சிவந்தது, யார் சிவந்தது என்று மனசு அடித்துக்கொண்டது. தெருமுனையில் கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில் ஆக்னஸ் நின்றாள், கையில் பச்சைப் பட்டையோடு. ஜெனோவா அவளைப் பிடித்து இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். பூத்துக்குப் பக்கத்தில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற செல்லையா. கரிப்பெட்டியின் சூட்டோடு வெயிலின் சூடும் சேர்ந்து சாய்த்துவிட்டது. ஷட்டர் ஏறியிருந்தது, தண்ணீர் கொட்டியது. எல்லோரும் குடத்தோடு அதை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். நல்லவர்கள்தான், செல்லையாவை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் முதலில் நகர்ந்தவை குடங்கள். அவரை ஜெனோவாதான் அக்குளில் கை கொடுத்து நிழலுக்கு இழுத்தாள்.

பொன்ராஜ் சார் மட்டும் குடம் பிடிக்கவில்லை. செல்லையாவின் பட்டையைப் பார்த்தார், ஷட்டரைப் பார்த்தார், மறுபடி பட்டையைப் பார்த்தார். கவனமான மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தாள்.

"தண்ணி நிக்கவே இல்லக்கா" என்றான் கஸ்பார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "ரொம்பி வழியுது. பெனிட்டா கீரை போட்டிருக்கா."

"கஸ்பார், அந்த மிதவையைக் கொஞ்சம் அவுத்து விடுங்கல. பகல்ல கட்டுங்க, சாயங்காலம் அவுங்க. இங்க செல்லையா விழுந்துட்டாரு."

அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போடும் சத்தம் கேட்டது.

"தொட்டிக்கு ராப்பகலா காவல் போட்டிருக்குக்கா. பக்கத்துல போனா வெட்டிருவானுவ" என்றான். அப்புறம் மெதுவாக, "எனக்கும் போக மனசில்லைக்கா. என்னை அவுக்கச் சொல்லாத" என்றான்.

அவள் அவனைத் திட்டவில்லை. அவள்தானே வரட்டும் என்றவள்.

சாயங்காலம் பொன்ராஜ் சார் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். "நான் கவனிச்சேம்மா. ஆளு மயங்கினாத்தான் தண்ணி வருது. இதைத் தானா நடக்க விட்டா செல்லையா மாதிரி ஏழைபாழைகதான் விழுவாங்க. அது நியாயம் இல்லைலா? அதனால வீட்டுக்கு ஒருத்தர்னு, கதவு நம்பர் வரிசையில... சங்கத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. குழந்தைகளைச் சேக்கக் கூடாதுன்னு நான் கண்டிப்பாச் சொல்லிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க. வேற ஏதாவது வழி தெரிஞ்சாச் சொல்லுங்க."

வழி இருந்தது. தெரு பூத்தின் பின்னாலும் ஒரு தொட்டி, தொட்டிக்குள் ஒரு மிதவை. கொல்லையில் துணி காயப்போடுகிற கயிறு இருந்தது, கல்லுக்கா பஞ்சம்? இந்தத் தெருவில் தண்ணீர் கொட்டும். அடுத்த தெரு சொட்டும். அங்கேயும் ஒரு செல்லையா இருப்பார். அங்கேயும் ஒருவர் வந்து நின்று, வேறு வழி இருக்கிறதா என்று இன்னொரு வீட்டில் கேட்பார். கடைசித் தெருவும் மிதவையைக் கட்டிய அன்றைக்கு நிலையத்தில் காற்றுதான் வரும்.

ஜெனோவா கயிற்றைப் பார்த்தாள். ஆக்னஸைப் பார்த்தாள். தம்பியின் நாற்காலிக்கு முன்னால்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள். "நாளைக்கு எங்க வீட்டு முறைன்னு போட்டுக்கோங்க."

மறுநாள் காலையில் மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போடவில்லை, அலமாரியிலேயே வைத்தாள். நேற்றுப் போட்டதன் வேகம் உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. பிரசன்னாவின் கமிட்டிகளுக்கு இன்னொரு கோரிக்கை அனுப்பினாள். கிடைத்தது, நன்றி என்று வந்தது. கப்பலில் இருந்த ததேயுவிடம் ஒன்றும் சொல்லாமல், மழை வந்ததா என்று மட்டும் விசாரித்தாள்.

உச்சி வெயில் ஏறியபோது தெரு நடுவில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிற சத்தம் கேட்டது. ஜெனோவா அலமாரியிலிருந்து கம்பளிச் சுவெட்டரை எடுத்தாள். ஆக்னஸ் பித்தளைத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இந்த வெயில்ல சுவெட்டர் போட்டுக்கிட்டு எங்கம்மா போற?"

"இன்னைக்கு நம்ம வீட்டு முறை."

"என்ன முறை?"

"தண்ணி முறைதான்" என்றாள் ஜெனோவா.